தண்ணீர் 88 பாகையில் கொதிக்கும் நாடு: திபெத்திய உணவின் வரலாறு

1866-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திபெத்தின் தலைநகரான லாசாவுக்கு இந்தியாவிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். கையில் செபமாலை, பிரார்த்தனைச் சக்கரம், ஊன்றுகோல், மரக்கிண்ணம். பார்ப்பவர்களுக்கு அவர் ஒரு யாத்திரிகர். உண்மையில் அவர் குமாவோன் மலைப்பகுதியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் நைன் சிங். அந்நியர் நுழைய முடியாதிருந்த அந்நாட்டை மறைவாக அளந்து வருமாறு இந்திய நில அளவைத் துறை அவருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தது. மாலையில் 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகளே இருந்தன. அவை காலடிகளை எண்ணுவதற்கு. சக்கரத்திற்குள் மந்திரச் சுருளுக்குப் பதில் அளவைக் குறிப்புகள் இருந்தன. ஊன்றுகோலுக்குள் ஒரு வெப்பமானி ஒளிந்திருந்தது.

இந்த வெப்பமானி எதற்கு? நீரைக் கொதிக்க வைத்து, அது எந்த வெப்பநிலையில் கொதிக்கிறது என்று பார்ப்பதற்கு. கொதிநிலை தெரிந்தால் அவ்விடத்தின் காற்றழுத்தம் தெரியும். காற்றழுத்தம் தெரிந்தால் கடல் மட்டத்திற்கு மேல் அவ்விடம் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதைக் கணக்கிடலாம். லாசாவின் உயரத்தை உலகம் முதன்முதலில் அறிந்தது இவ்வாறுதான்.

நைன் சிங்குக்கு உயரத்தைக் காட்டிய அந்த எண்ணே திபெத்தியரின் அடுக்களையையும் ஆண்டு வந்தது. அவர்கள் எதை உண்டார்கள், எதைக் குடித்தார்கள், ஏன் அவ்வாறு செய்தார்கள் என்ற வினாக்களுக்கான விடையில் பெரும்பகுதி அந்தக் கொதிநிலையில் அடங்கியிருக்கிறது.

உலையும் உயரமும்

ஒரு நீர்மத்தின் ஆவியழுத்தம் புற அழுத்தத்திற்குச் சமமாகும்போது அந்நீர்மம் கொதிக்கிறது என்பதை மாணவர்கள் அறிவர். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம்; அங்கே நீர் 100 பாகை சென்டிகிரேடில் கொதிக்கும். மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலையும் தாழ்கிறது. லாசா சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அழுத்தம் ஏறத்தாழ 490 மில்லிமீட்டர். கொதிநிலை 88 பாகை. மேய்ப்பர்கள் வாழும் வடபுல மேட்டுநிலம் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே 85 பாகையிலேயே நீர் தளதளவெனக் கொதித்துவிடும்.

இந்தப் பன்னிரண்டு, பதினைந்து பாகை வேறுபாடு அற்பமானதன்று. சமைத்தல் என்பது அடிப்படையில் ஒரு வேதிவினை. மாப்பொருள் நீரை ஏற்றுக் குழைவதும், பருப்பின் தோல் இளகுவதும், இறைச்சியின் நார்கள் நெகிழ்வதும் வெப்பநிலை சற்றே குறைந்தாலும் வெகுவாகத் தாமதப்படும். அடுப்பில் எவ்வளவு விறகைத் திணித்தாலும் பயனில்லை. கொதிக்கும் நீரின் வெப்பநிலை உயராது, நீர்தான் விரைவாக ஆவியாகும். 1835-இல் ஆண்டீசு மலைத்தொடரைக் கடந்த சார்லசு டார்வினின் குழுவினர் உருளைக்கிழங்கை இரவெல்லாம் கொதிக்க வைத்தும் அது வேகவில்லை என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

திபெத்தில் இதனோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே உள்ள நிலத்தில் விறகு ஏது? யாக் எருமையின் உலர்ந்த சாணமே எரிபொருள். மெல்லிய காற்றில் அது எளிதில் பற்றி எரியாததால் ஆட்டுத்தோலால் செய்த துருத்தியைக் கொண்டு ஊதவேண்டும். ஆகவே குறைந்த எரிபொருளில், 88 பாகைக்கு மேல் சூடேறாத நீரைக் கொண்டு, கடுங்குளிரில் உழைக்கும் உடலுக்குப் போதிய உணவைத் தயாரிக்க வேண்டும். இதுவே திபெத்தியர் முன் இருந்த கணக்கு.

தினை நின்ற இடத்தில் பார்லி ஏறியது

இக்கணக்கின் முதற்படி, அந்த உயரத்தில் விளையக்கூடிய தானியம் ஒன்றைக் கண்டறிவது. திபெத்திய மேட்டுநிலத்தின் வடகிழக்குப் பகுதியில் நடந்த அகழாய்வுகளின் முடிவுகளை 2015-இல் சீன, பிரித்தானிய அறிஞர்கள் தொகுத்து வெளியிட்டனர். ஏறத்தாழ 5,200 ஆண்டுகளுக்கு முன்னரே உழவர்கள் அங்குள்ள ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் குடியேறியிருந்தனர். அவர்கள் பயிரிட்டவை சீனத்தில் தோன்றிய தினையும் பனிவரகும். ஆனால் அவ்வூர்களில் மிகப் பெரும்பாலானவை 2,500 மீட்டருக்குக் கீழேயே நின்றுவிட்டன. தினைக்கு உறைபனி ஆகாது.

சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் நிலைமை மாறியது. மேற்கு ஆசியாவில் பிறந்த பார்லியும் செம்மறியாடும் அங்கு வந்து சேர்ந்தன. வாற்கோதுமை என்று நாம் கூறும் இந்தப் பார்லி குளிரைத் தாங்கும்; குறுகிய கோடையிலேயே விளைந்து முற்றிவிடும். அதன் பின்னரே 3,000 மீட்டருக்கு மேலும் மனிதர் ஆண்டு முழுவதும் நிலையாகத் தங்கினர். உலகின் தட்பவெப்பம் குளிர்ந்து வந்த காலத்தில் அவர்கள் மேல் நோக்கி ஏறினார்கள் என்பது வியப்பானது. அந்த ஏற்றத்தைக் கைகூட வைத்தது ஒரு தானியம். திபெத்தில் பயிராகும் பார்லி பெரும்பாலும் உமி ஒட்டாத இனம். கதிரடித்தால் மணி தனியே உதிர்ந்துவிடும்.

மணலில் முடிந்த சமையல்

தானியம் கிடைத்தது, அதனை எவ்வாறு வேகவைப்பது? திபெத்தியர் கண்ட விடை எளிமையானது: நீரையே விட்டுவிடுவது.

கழுவி ஈரப்படுத்திய பார்லியைச் சூடான மணலோடு சேர்த்து இரும்புச் சட்டியில் வறுக்கிறார்கள். நம் ஊர்த் தெருக்களில் நிலக்கடலை வறுக்கும் முறையும் இதுவே. நீருக்குக் கொதிநிலை என்ற வரம்பு உண்டு. மணலுக்கு அது இல்லை. லாசாவில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் மணல் 200 பாகைக்கு மேலும் சூடேறும். மேலும், மணல் ஒவ்வொரு மணியையும் எல்லாப் பக்கங்களிலும் தழுவிக்கொள்வதால் வெப்பம் சீராகப் பரவுகிறது. மணியின் உள்ளே இருக்கும் ஈரம் நீராவியாகி வெளியேற வழியின்றி அழுத்தம் பெறுகிறது. மாப்பொருள் அந்த ஆவியிலேயே வெந்து, மணி வெடித்து மலர்கிறது. ஒவ்வொரு பார்லி மணியும் ஒரு சிறிய அழுத்தக் கொப்பரை எனலாம்.

பிறகு மணலைச் சலித்துப் பிரித்து, வறுத்த மணியை நீராலைக் கல்லில் அரைத்து மாவாக்குகிறார்கள். இதுதான் திபெத்தியரின் அன்றாட உணவாகிய சாம்பா. (பெயர் ஒலிப்பில் ஒத்திருந்தாலும் நமது சம்பா நெல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) மாவு ஏற்கனவே வெந்துவிட்டபடியால் உண்ணும்போது அடுப்பு வேண்டியதில்லை. கிண்ணத்தில் சிறிது தேநீரும் வெண்ணெயும் விட்டு, மாவைக் கொட்டி, விரல்களால் பிசைந்து உருண்டையாக்கி உண்ணலாம். வறுக்கும்போது ஈரம் போய்விடுவதாலும், கொழுப்பைக் கெடுக்கும் நொதிகள் அழிந்துவிடுவதாலும் அவ்வுலர்ந்த காற்றில் மாவு பல மாதங்கள் கெடாது. தோல் பையில் ஒரு மாத உணவைச் சுமந்துகொண்டு வணிகரும் யாத்திரிகரும் மேய்ப்பரும் நடந்தார்கள். ஒரு நாள் எரித்த எரிபொருள் பல வாரங்களுக்குப் பயன்பட்டது.

மெல்லியதாக்கு, இல்லையேல் உறையவிடு

நீரில் வேகவைத்தே தீரவேண்டிய உணவுகளும் இருந்தன. அவற்றில் இன்னொரு உத்தி காணப்படுகிறது. ஒரு பொருளின் நடுப்பகுதி வரை வெப்பம் சென்று சேரும் நேரம், அப்பொருளின் பருமனின் இருமடிக்கு ஏற்ப அமையும். பருமன் பாதியானால் நேரம் நான்கில் ஒன்றாகிவிடும். துக்பா எனப்படும் கஞ்சிக் குழம்பில் மாவைத் தட்டையாக இழுத்து மெல்லிய துண்டுகளாகக் கிள்ளிப் போடுவதும், மோமோ என்னும் கொழுக்கட்டையில் இறைச்சியைப் பொடியாகக் கொத்தி மெல்லிய மாவுத் தோலில் பொதிந்து ஆவியில் வைப்பதும் இவ்விதிக்குப் பொருந்தி வருகின்றன. இருமடி விதியை அவர்கள் எழுதி வைக்கவில்லை, பட்டறிவால் கண்டிருந்தனர்.

இறைச்சிக்கு மூன்றாவது வழியொன்றும் உண்டு. குளிர்காலத் தொடக்கத்தில் யாக் இறைச்சியை நீண்ட கீற்றுகளாக அரிந்து காற்றில் தொங்கவிடுவர். அது முதலில் உறைந்து போகும். பிறகு அதிலுள்ள பனிக்கட்டி நீராக உருகாமலே நேராக ஆவியாகிவிடும். இதனைப் பதங்கமாதல் என்கிறோம். மைனஸ் 10 பாகையிலும் பனிக்கட்டிக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் ஆவியழுத்தம் உண்டு. சுற்றியுள்ள காற்றின் நீராவியழுத்தம் அதற்கும் குறைவாக இருக்குமானால் பனிக்கட்டி கரைந்துகொண்டே போகும். திபெத்தின் குளிர்காலக் காற்று அத்தகைய வறட்சி உடையது. நீர் போய்விட்ட இறைச்சியில் நுண்ணுயிர்கள் வளர்வதில்லை. அதனை விரலால் பிய்த்து அப்படியே உண்ணலாம். இருபதாம் நூற்றாண்டில் மருந்துகளையும் குருதித் திரவத்தையும் பாதுகாக்கத் தொழிற்சாலைகள் கையாளத் தொடங்கிய உறை உலர்த்தலின் நாட்டுப்புற வடிவம் இது. பாலைக் கடைந்து வெண்ணெய் எடுத்தபின் எஞ்சுவதைத் திரித்து, கல்போல் உலர்த்திய சுர்ப்பி என்னும் பாற்கட்டியும் இவ்வாறே நெடுநாள் நிற்கும்.

தேயிலைக்குக் குதிரை

இவ்வளவுக்கும் துணையாக நின்றது தேநீர். ஆனால் திபெத்தின் குளிர்ந்த மேட்டுநிலத்தில் தேயிலை விளைவதில்லை. பிறகு அது எவ்வாறு வந்தது? 641-இல் மன்னர் சோங்சென் கம்போவை மணந்த சீன இளவரசி வென்செங் கொண்டுவந்தார் என்பது மரபுச் செய்தி. மேற்குத் திபெத்தில் குர்க்யாம் என்னுமிடத்தில் உள்ள பழைய கல்லறையொன்றில் கிடைத்த இலை எச்சங்களை ஆராய்ந்தவர்கள், அவற்றில் தேயிலைக்கே உரிய வேதிப்பொருள்களைக் கண்டு 2016-இல் வெளியிட்டனர். அவற்றின் வயது சுமார் 1,800 ஆண்டுகள். அதாவது இளவரசி பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னதாகவே தேயிலை திபெத்தை எட்டியிருந்தது.

பிற்காலத்தில் தேயிலை அரசியற் பொருளாயிற்று. சீனப் பேரரசுக்குப் போர்க்குதிரைகள் வேண்டும். திபெத்தியருக்குத் தேயிலை வேண்டும். 1074-இல் சோங் அரசு சிச்சுவானில் இப்பண்டமாற்றுக்கென்றே ஓர் அலுவலகம் அமைத்தது. மிங் அரசோ தனியார் தேயிலை கடத்துவதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1397-இல் பேரரசரின் மருமகனான ஓயாங் லுன் இக்குற்றத்திற்காகவே உயிரிழந்தார்.

யாஆன் நகரிலிருந்து மலையேறி, திபெத்தின் வாயிலான தார்சேதோவுக்கு மனிதர்களே தேயிலை சுமந்தனர். ஆவியில் பதப்படுத்தி அச்சில் அழுத்திய செங்கல் வடிவக் கட்டிகள் அவை. 1908-இல் இயற்கை ஆய்வாளர் எர்னெசுட்டு வில்சன் இரண்டு சுமையாட்களைப் படமெடுத்தார். ஒவ்வொருவர் முதுகிலும் 130 கிலோகிராமுக்கு மேற்பட்ட சுமை இருந்ததாக அவர் குறித்திருக்கிறார். ஒரு கிண்ணத் தேநீருக்குப் பின்னால் இருந்த உழைப்பு அத்தகையது.

கடைந்தெடுத்த தேநீர்

திபெத்தியர் அதனைக் குடிக்கும் முறை நமக்குப் புதுமையாகத் தோன்றும். கட்டியை உடைத்து மணிக்கணக்கில் கொதிக்க வைப்பர். ஏரிக்கரைகளில் கிடைக்கும் சோடா உப்பைச் சிறிது இடுவர். காரத்தன்மை நிறத்தையும் சாரத்தையும் நன்கு இறக்கும். 88 பாகையில் ஏற்படும் குறையை நீண்ட நேரமும் காரமும் ஈடு செய்கின்றன. இந்தக் கடுஞ்சாற்றை நீளமான மரக்குழாயில் ஊற்றி, உப்பும் வெண்ணெயும் சேர்த்து, மத்துக்கோலால் மேலும் கீழும் இடித்துக் கடைவர். வெண்ணெய் நுண்துளிகளாகச் சிதறி நீரில் பால்போல் கலந்து நிற்கும். இத்தகைய கலவையைப் பால்மம் என்பர். (யாக் என்பது ஆண் விலங்கின் பெயர். பால் தருவது ட்ரி என்னும் பெண் விலங்கு. ‘யாக் வெண்ணெய்’ என்றால் திபெத்தியர் சிரிப்பர்.)

ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி ஆற்றல் தரும். அதே எடை மாப்பொருள் தருவது 4 மட்டுமே. வறண்ட மெல்லிய காற்றில் வேகமாக மூச்சு விடுவோர் ஒவ்வொரு மூச்சிலும் நீரை இழக்கின்றனர். நீரும் உப்பும் ஆற்றலும் ஒருசேரத் தரும் இக்குடிநீர் அங்கு ஆடம்பரமன்று. மேலே மிதக்கும் கொழுப்புப் படலம் ஆவியாதலைத் தடுத்துக் கிண்ணத்தின் சூட்டையும் காக்கிறது.

பழமையெல்லாம் நன்மையே என்று முடிவு கட்டிவிடுதலும் கூடாது. தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைடை உறிஞ்சித் தன் முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைக்கிறது. திபெத்துக்கு அனுப்பப்பட்ட கட்டித் தேயிலை முதிர்ந்த இலைகளாலும் தண்டுகளாலும் ஆனது, விலை மலிவானது. நெடுநேரம் கொதிக்க வைத்து, நாள்தோறும் பல கிண்ணங்கள் குடித்தவர்களிடம் பற்களில் கறையும், எலும்புகளில் விறைப்பும் வலியும் காணப்பட்டதை மருத்துவ ஆய்வுகள் எடுத்துக்காட்டின. சீன அரசு 2005-இல் கட்டித் தேயிலையில் கிலோகிராமுக்கு 300 மில்லிகிராம் புளோரைடு என்று உச்ச வரம்பு விதித்தது. குற்றம் தேநீர் அருந்தும் பழக்கத்தில் இல்லை. ஏழைகளின் கிண்ணத்துக்கு எந்த இலை வந்தது என்பதில் இருக்கிறது.

கோதுமைக் கட்டளை

திபெத்திய உணவின் வரலாற்றில் மிகத் துயரமான அதிகாரம் இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. 1950-இல் சீனப் படைகள் திபெத்துக்குள் நுழைந்தன. 1959-இல் லாசாவில் எழுந்த கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. தலாய் லாமா இந்தியாவில் அடைக்கலம் புகுந்தார். அந்நாட்களில் காலிம்போங்கிலிருந்து வெளிவந்த ‘திபெத் மிரர்’ என்னும் திபெத்திய மொழி இதழ், மதத்தாலும் வட்டாரத்தாலும் பிரிந்திருந்த மக்களைச் ‘சாம்பா உண்போர்’ என்ற ஒரே சொல்லால் அழைத்தது. மாவின் பெயர் ஒரு மக்களினத்தின் பெயராகிவிட்டது.

அடுத்த சில ஆண்டுகளில் அந்த மாவுக்கே பஞ்சம் வந்தது. சீனம் முழுவதும் பரவிய பெரும் பஞ்சம் திபெத்தியர் வாழும் கிழக்குப் பகுதிகளையும் வாட்டியது. பத்தாவது பஞ்சன் லாமா 1962-இல் பிரதமர் சூ என்லாய்க்கு அளித்த நீண்ட விண்ணப்பத்தில், மக்கள் பட்டினியால் மடிவதை வெளிப்படையாக எழுதினார். அதற்கு அவர் பெற்ற பரிசு பல ஆண்டுச் சிறைவாசம். 1977-இல்தான் விடுதலையானார்.

பின்னர் கூட்டுப்பண்ணைகள் வந்தன. பார்லிக்குப் பதிலாகக் குளிர்காலக் கோதுமையைப் பயிரிடுமாறு 1960-களின் பிற்பகுதியிலிருந்து உழவர்கள் வற்புறுத்தப்பட்டனர். தொடக்கத்தில் விளைச்சல் ஏறியது. ஆனால் கோதுமை கூடுதல் நீரும் உரமும் கேட்டது. அதைவிட முக்கியமானது, விளைந்த தானியம் அம்மக்களின் அடுக்களைக்குப் பொருந்தவில்லை என்பது. கோதுமை மாவை ரொட்டியாகவோ கூழாகவோ ஒவ்வொரு வேளையும் சமைத்தாக வேண்டும். அதற்கு எரிபொருள் வேண்டும். வறுத்து அரைத்துப் பையில் கட்டிக்கொள்ளும் வசதியும் சுவையும் அதில் இல்லை. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று மட்டும் கணக்குப் பார்த்தவர்கள், அந்த மூட்டையைச் சமைக்கும் அடுப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. 1980-இல் சீனக் கட்சித் தலைவர் ஹூ யாவோபாங் லாசாவுக்கு வந்து நிலைமையைக் கண்டபின் கொள்கைகள் தளர்ந்தன. எதைப் பயிரிடுவது என்ற உரிமை கிடைத்ததும் உழவர்கள் மீண்டும் பார்லியை நாடினர்.

கணக்குக்கு அப்பால்

இன்று திபெத்திய வீடுகளில் அழுத்தக் கொப்பரை புகுந்துவிட்டது. பிரெஞ்சு அறிஞர் தெனி பப்பேன் 1679-இல் உருவாக்கிய கொப்பரையின் வழிவந்தது அது. நாம் குக்கர் என்கிறோம். வெளியே இருக்கும் அழுத்தத்துடன் அது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைச் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே லாசாவிலும் உள்ளே வெப்பநிலை சுமார் 115 பாகை வரை உயரும். அரிசியும் பருப்பும் அங்கே இப்போது தடையின்றி வேகின்றன. கொதிநிலை விதித்த கட்டளை தளர்ந்துவிட்டது.

அப்படியானால் சாம்பா மறைந்துவிட வேண்டுமல்லவா? கருநாடகத்தில் மைசூருக்கு மேற்கேயுள்ள பைலகுப்பையைப் பார்ப்போம். 1960-இல் அன்றைய மைசூர் அரசு அளித்த காட்டு நிலத்தில் திபெத்திய அகதிகள் குடியேறினர். கடல் மட்டத்திற்கு மேல் 800 மீட்டரைச் சற்றே தாண்டிய ஊர்; நீர் 97 பாகையில் கொதிக்கிறது. விறகுக்குப் பஞ்சமில்லை, கடுங்குளிரும் இல்லை. அவர்கள் பயிரிட்டதும் மக்காச்சோளம்தான். சாம்பாவுக்கு இயற்பியல் கூறிய காரணங்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. இருந்தும் லோசார் என்னும் புத்தாண்டு நாளில் அவ்வூர் மக்கள் ஒரு சிட்டிகை சாம்பாவை எடுத்து வானை நோக்கி வீசி வாழ்த்துகிறார்கள்.

ஓர் உணவு எவ்வாறு பிறந்தது என்பதைக் காற்றழுத்தமும் கொதிநிலையும் நமக்குச் சொல்லிவிடுகின்றன. பிறந்த காரணங்கள் எல்லாம் நீங்கிய பின்னும் அது ஏன் நிலைக்கிறது என்பதை அறிய வெப்பமானி உதவாது. அதற்கு அம்மக்கள் இழந்துவந்த நாட்டின் வரலாற்றைத்தான் கேட்க வேண்டும்.